ஏழரைச் சுற்று

கோயிலில் சுவாமி சந்நிதியைச் சுற்றி வரும்போது, பின்னால் வந்த ஒரு பெரிய அம்மாளோடு போட்டி போட்டு அவரைத் தோற்கடித்த பாவி நான். சாதாரணத் தோல்வி இல்லை, நான்கு சுற்று வித்தியாசம். இத்தனை வருஷத்தில் நானாக வாயைத் திறந்து இதை யாரிடமும் சொன்னதில்லை. (சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. என் அண்ணன் ஊர் பூராவும் சொல்லி முடித்துவிட்டான்.) சுவாமி என்னை மன்னித்திருப்பார் என்றுதான் நம்புகிறேன். அந்த அம்மாள் மன்னிக்கவில்லை.

அப்போது அறுபதுகளின் தொடக்கம். விழுப்புரத்தில் ரயில்வே காலனியில் குடியிருந்தோம். அப்பாவுக்கு கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா வேலை. நான் எட்டாவதோடு நின்றவள். பெரியவளானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள், கூடவே ஓட்டத்தையும் நிறுத்தினார்கள். பள்ளிக்கூடம் நின்றதில் எனக்கு அவ்வளவாக வருத்தமில்லை, வாத்தியாருக்கும் இருந்திருக்காது. ஓட்டம் நின்றதுதான் பொறுக்கவில்லை. முன்பெல்லாம் கடைக்குப் போய் உப்பு வாங்கி வா என்றால், வீட்டு வாசலில் எடுத்த ஓட்டத்தைக் கடை வாசலில்தான் நிறுத்துவேன். பிறகு குழாயடிக்குப் போவதற்குக்கூட அளந்து அளந்து அடி வைக்க வேண்டியதாயிற்று. கொஞ்சம் எட்டி நடந்தால் அம்மா அடுப்படியில் இருந்தபடியே கண்டுபிடித்துவிடுவாள்.

"கொலுசு சத்தம் ஜாஸ்தியா கேக்குதேடி சரசு. யார் தொரத்திக்கினு வர்றாங்க?"

யாரும் துரத்தவில்லை. அதுதான் என் குறையே.

அந்தச் சமயத்தில் ஒருநாள் சாயங்காலம் ரயில்வே மைதானத்தில் இலவசப் படம் காட்டினார்கள். ஏதோ ஒரு வெளிநாட்டுத் தூதரகத்து வேன் வந்து, இரண்டு கம்பங்களுக்கு நடுவில் வெள்ளைத் துணி கட்டியது. பாட்டு, சண்டை எல்லாம் இருக்கும் என்று காலனியே பாய் தலையணையோடு போய் உட்கார்ந்தது. முதலில் ஓர் அணைக்கட்டைக் காட்டினார்கள். அப்புறம் கோழி வளர்க்கும் விதத்தைக் காட்டினார்கள். பாதிப்பேர் பாயைச் சுருட்டிவிட்டார்கள். நானும் எழுந்திருக்கப் போனபோது, திரை முழுக்க வெள்ளை வெளேரென்று ஒரு மைதானம் வந்தது. மரக்காணத்து உப்பளம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

"உப்பு இல்ல, ஐசு" என்றான் அண்ணன். அண்ணன் துரை கடலூரில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தான். எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாத தைரியத்தில் நன்றாகவே மொழிபெயர்ப்பான்.

"அவ்ளோ ஐசா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். "மீனு எங்க?"

மீன் வரவில்லை. இரண்டு பெண்கள் வந்தார்கள். தலையில் கம்பளிக் குல்லாய், உடம்பை ஒட்டினாற்போல் கால்சட்டை. காலில் செருப்புக்குப் பதிலாக அரிவாள்மணையைக் கட்டியிருந்தார்கள். (கத்தி என்று அண்ணன் சொன்னான். எனக்கு இன்றுவரை அது அரிவாள்மணைதான்.) துப்பாக்கிச் சத்தம் கேட்டது. இருவரும் புறப்பட்டார்கள். நான் எழுந்த இடத்திலேயே மறுபடி உட்கார்ந்தேன்.

அதை ஓட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓடினால் காலைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும், மூச்சு இரைக்கும், பாவாடை தடுக்கும். இவர்கள் ஒரு காலால் லேசாகத் தள்ளிவிட்டு, அந்தத் தள்ளல் தீரும்வரை சும்மா போனார்கள். தீர்ந்ததும் மறு கால். முதுகை வளைத்து, தலையைக் குனிந்து, கை இரண்டையும் பின்னால் இடுப்புக்கு மேல் கோத்துக்கொண்டு, கட்டின வீட்டைச் சுற்றிப் பார்க்க வந்த பெரிய மனிதர் மாதிரி. ஆனால் எக்ஸ்பிரஸ் வேகம். வாயிலிருந்து இன்ஜின் மாதிரி புகை. வளைவு வந்தால் மட்டும் ஒரு கை வெளியே வந்து வீசும், திரும்பியதும் மறுபடி முதுகுக்குப் போய்விடும்.

"மூவாயிரம் மீட்டரு. பல தேசத்துலேருந்து குளிர்காலத்துல ஒண்ணா சேந்து போட்டி வைக்கறாங்க" என்றான் அண்ணன். "ஒரு தடவைக்கு ரெண்டு பேரு. ஒருத்தி உள்பக்கம், ஒருத்தி வெளிப்பக்கம். வெளிப்பக்கம் தூரம் ஜாஸ்தி இல்ல, அதனால ஒவ்வொரு சுத்துலயும் அந்தாண்டப் பக்கம் போறப்ப எடம் மாத்திக்கணும். மொத்தம் ஏழரை ரவுண்டு."

"ஏழரையா?" என்றாள் அம்மா. "வேற கணக்கே கெடைக்கலியா இவங்களுக்கு?"

அம்மா சொல்லி வாய் மூடவில்லை, வெளிப்பக்கம் போனவள் விழுந்தாள். விழுந்தவள் பத்து முழம் வழுக்கிக்கொண்டே போனாள். "பாத்தியா" என்றாள் அம்மா, சனீஸ்வரனே நேரில் வந்து தள்ளிவிட்டதுபோல். பக்கத்தில் நின்றவர்கள் கத்தினார்களே ஒழிய ஒருவரும் ஓடிவந்து தூக்கவில்லை. நான் அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"யாராச்சும் தூக்கலாமில்ல?"

"தூக்கினா அவ ஆட்டத்துலேருந்து அவுட்டு. தானா எழுந்து வந்தாத்தான் கணக்கு."

தானாகவே எழுந்தாள். மற்றவள் அரைச் சுற்று முன்னால் போய்விட்டாள். இவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தனியாக, அதே அழகோடு மிச்சத்தைச் சுற்றினாள். கடைசிச் சுற்று வருவதற்குள் படத்தை மாற்றி உருளைக்கிழங்கு காட்டினார்கள். அவள் முடித்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்றிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்தது. விறகு எடுக்கப் போனால் கை பின்னால் போய்விடும். கிணற்றடியில் சோப்புத் தண்ணீர் ஓடினால் பாதம் தானாக நீளும். எதிர்வீட்டுப் பேபி என் சிநேகிதி. அவளையும் கெடுத்தேன். ஒரே ஒரு விஷயம்தான் எனக்கு உறுத்தல். அந்தப் பெண்கள் இடது பக்கமாகச் சுற்றினார்கள், அப்பிரதட்சிணமாக. விழாமல் என்ன செய்யும்? யாரும் எடுத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று அவர்களுக்காகவும் ஒரு விளக்கு போட்டேன்.

நானும் பேபியும் முறைப்படிதான் சுற்றினோம். வெள்ளிக்கிழமை ஈஸ்வரன் கோயிலில். காலனிப் பெண்கள் இஷ்டப்பட்ட அளவு நடக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள் என்கிற இடம் அது ஒன்றுதான். முன்பக்கம் குருக்கள் பார்ப்பார், ஆகவே அங்கே உத்தமிகளாக நடப்போம். தட்சிணாமூர்த்தியைத் தாண்டினதும் முதுகு வளையும். சந்நிதிக்குப் பின்னால் லிங்கோத்பவர் அருகில் ஆள் இருக்காது, அங்கே உள்பக்கமும் வெளிப்பக்கமும் மாற்றிக்கொள்வோம். (மாற்றிக்கொள்ளும்போதே கன்னத்தில் போட்டுக்கொள்வேன்.) சண்டிகேசுவரரிடம் வந்தால் நின்று மெதுவாகக் கை தட்ட வேண்டும். அங்கேதான் எனக்கு நேரம் வீணாகும். பேபி அவசரத்தில் நடந்துகொண்டே தட்டுவாள், நான் அப்படிச் செய்ததே இல்லை. அந்தவரைக்கும் நான் நல்லவள்.

சுற்றி முடித்து விழுந்து கும்பிடும்போது ஒன்றைத்தான் கேட்பேன். "ஈஸ்வரா, ஒரே ஒரு தடவை என்னை அந்த ஐஸ்மேல நிறுத்து. போகக்கூட வேண்டாம், நின்னா போதும்." அடுத்த வெள்ளிக்கிழமை, ஒரு சுற்று போகவும் அனுமதி கேட்பேன்.

கேட்டுக்கொண்டே இருந்தால் அவருக்கும் காது இருக்கிறதல்லவா. ஐப்பசி மாதம் ஒரு தரகர் வந்தார். எனக்கு அதற்கு முன் இரண்டு இடம் பார்த்துத் தட்டிப்போயிருந்தது. ஒரு வீட்டார் நான் உயரம் என்றார்கள், மற்ற வீட்டார் நிறம் போதாது என்றார்கள். அப்பா அதற்குப் பிறகு சாப்பிடும்போது என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட ஆரம்பித்திருந்தார்.

"திண்டிவனத்துக் குடும்பம்" என்றார் தரகர். "நெலம் இருக்குது, வீடு இருக்குது. புள்ளைக்கு சிம்லாவுல சர்க்கார் உத்யோகம். ஒரே கொறை, பொண்ணு அந்தக் குளிர்ல போய் இருக்கணும். அதனாலயே மூணு எடம் வாணாம்ட்டாங்க."

"குளிர்னா, நம்ம மார்கழியாட்டமா?" என்று அம்மா கேட்டாள்.

"மார்கழியா? அதெல்லாம் அவங்களுக்கு சித்திரை மாசம்மா. தண்ணி தேங்கியிருக்கற கொளம் அப்படியே கல்லாட்டம் ஒறஞ்சிடுமாம். சனங்க கால்ல கத்தியக் கட்டிக்கினு அதுமேல வழுக்கிக்கினு போறாங்களாம். புள்ளையே கடுதாசில எழுதியிருந்தாரு."

அடுப்படியில் நான் மல்லாட்டை (வேர்க்கடலைதான்) வறுத்துக்கொண்டிருந்தேன். அன்று எல்லாரும் கரியைத்தான் தின்றார்கள்.

அம்மாவுக்கு இஷ்டமில்லை. "அவ்ளோ தூரத்துல ஒரு தலைவலின்னா யாரு பாப்பாங்க?" என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தக் காலத்தில் பெண்ணைக் கேட்கும் வழக்கம் இல்லை. யாரும் கேட்காமலே நான் சொன்னேன்.

"குளிர் எனக்கு ஒத்துக்கும்மா."

"உனக்கெப்படிடி தெரியும்?"

"ஐஸ் போட்ட மோர் குடிச்சா எனக்கு சளியே புடிக்கறதில்லியே."

அண்ணன் திரும்பி நின்று சிரித்தான். அவனுக்கு விஷயம் தெரியும். எனக்கு மாப்பிள்ளையின் பெயர்கூட அப்போது தெரியாது. அவர் குட்டையா, நெட்டையா, கோபக்காரரா, எதுவும் தெரியாது. குளம் உறையும் என்பது தெரியும். அது போதும் என்று தோன்றியது. ராத்திரி படுத்தால், குளிர் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன். நினைக்க வராது. பித்தளைக் குடத்துத் தண்ணீரைத் தொட்டுக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, இதைப் போல நூறு பங்கு என்று கணக்குப் போடுவேன்.

மாப்பிள்ளையின் அம்மா ஒரு நிபந்தனை போட்டார். வீட்டுக்கு வந்து தட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்வது அவருக்குப் பிடிக்காது. ஆகவே முதலில் திண்டிவனத்துக் கோயிலில் பார்ப்பது. நாங்கள் தற்செயலாக சுவாமி கும்பிட வருவோம், அவர்களும் தற்செயலாக வருவார்கள். யாரும் யாரோடும் பேசக் கூடாது. பிடித்தால் மேலே பேச்சு, பிடிக்காவிட்டால் எல்லாரும் சுவாமி கும்பிட்டதோடு சரி. கௌரவமான ஏற்பாடுதான். இதைப் போன்ற கௌரவத்தைக்கூட ஒருத்தியால் கெடுக்க முடியும் என்று அவர் எதிர்பார்த்திருக்க முடியாது.

அம்மா பாசஞ்சர் வண்டி முழுக்கப் பாடம் எடுத்தாள். எனக்கு அவளுடைய அரக்குப் பட்டைக் கட்டி, பின்னலில் இரண்டு பந்து பூவைச் சுற்றியிருந்தாள். கழுத்தை நிமிர்த்தவே முடியவில்லை. "நிமிராத. அப்படியே குனிஞ்சிக்கினே நட. யாரையும் பாக்காத. மூணு சுத்து சுத்து, விழுந்து கும்பிடு, வந்துரு."

"சரிம்மா."

சரி என்றேனே தவிர, நான் சுவாமிக்கு வேறு வாக்குக் கொடுத்திருந்தேன். இந்தச் சம்பந்தம் கூடினால் அந்தப் பெண்கள் சுற்றிய அளவு சுற்றுகிறேன் என்று. ஏழரைச் சுற்று. அரைச் சுற்றில் சந்நிதியின் முதுகுப் பக்கத்தில் நின்றுவிட்டு வீட்டுக்குப் போக முடியுமா? அதனால் இரட்டிப்பாக்கிப் பதினைந்து. அண்ணனிடம் மட்டும் இதைச் சொல்லியிருந்தேன். காரியம் கூடின பிறகு சுற்றுவதுதான் முறை. எனக்குப் பொறுமை இல்லை. அன்றைக்கே சுற்றிவிட்டால் சுவாமிக்கு மறுக்க மனம் வராது என்று ஒரு தந்திரம்.

காலை ஒன்பது மணி இருக்கும். அபிஷேகம் முடிந்து கோயில் ஈரமாக இருந்தது. கொடிமரத்தடியில் அப்பாவும் அம்மாவும் தற்செயலாக நின்றார்கள். அண்ணன் தூணில் சாய்ந்திருந்தான். நான் குனிந்த தலையோடு புறப்பட்டேன்.

இரண்டாவது சுற்றில், எனக்குப் பின்னால் ஒருவர் வருவது தெரிந்தது. நிமிரக் கூடாது, ஆகவே நான் பார்த்ததெல்லாம் பச்சைப் பட்டின் சரிகைக் கரையும், கனத்த இரண்டு பாதங்களும், மெட்டியும்தான். பெண் பார்க்கும்போது மாப்பிள்ளை வீட்டு அம்மாள் பின்னாலேயே நடந்து, பெண் நொண்டுகிறாளா, பின்னல் சொந்தமா சவுரியா என்று பார்ப்பது எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம். எனக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் என் மூளைக்கு எட்டவில்லை. யாரோ வேண்டுதல்காரி, என்னைத் தாண்டிப்போக அவசரப்படுகிறாள் என்று நினைத்தேன். கொஞ்சம் வேகம் கூட்டினேன்.

நான் வேகம் கூட்டினால் என் நடையைப் பார்க்க அவரும் கூட்டித்தானே ஆக வேண்டும்? மெட்டிச் சத்தம் நெருங்கி வந்தது. இன்னும் கூட்டினேன். அவரும் விடவில்லை. மூன்று சுற்று முடிந்தது. அம்மா "போதும்" என்று கண்ணால் ஜாடை காட்டினாளாம். நான்தான் நிமிரக் கூடாதே. நான்காவது, ஐந்தாவது. தலை ஏற்கனவே குனிந்திருந்தது, பூவின் கனத்தில் முதுகும் வளைந்துவிட்டது. மிச்சமிருந்தது கை மட்டும். ஆறாவது சுற்றில் அதுவும் தானாகப் பின்னால் போய்க் கோத்துக்கொண்டது.

கொடிமரத்தைத் தாண்டும்போது அண்ணனின் கை மட்டும் என் கண்ணில் பட்டது. இடுப்போடு ஒட்டி ஒன்பது விரல் காட்டினான். அடுத்த முறை எட்டு. படத்தில் ஓரமாக நின்ற ஒருவர் மிச்சச் சுற்றை எழுதிப் பலகை காட்டியது மாதிரி. (ஏன் இப்படிச் செய்தாய் என்று பிற்பாடு கேட்டேன். "நீ எண்ணிக்கையை விட்டுட்டேன்னா சாமி குத்தமாயிடுமேன்னுதான்" என்றான். அவன் இப்போது உயிரோடு இல்லை, நல்ல கதியே கிடைத்திருக்கட்டும்.)

லிங்கோத்பவர் பக்கத்தில் பழக்கதோஷத்தில் நான் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் மாறினேன். அந்த அம்மாளும் மாறினார். எனக்கு ஒரே ஆச்சரியம். இவருக்கும் விஷயம் தெரிந்திருக்கிறதே என்று மரியாதை வந்துவிட்டது. சண்டிகேசுவரரிடம் நின்று தட்டினேன். அவர் மூச்சு வாங்க நின்று தட்டினார். மறுபடி புறப்பட்டோம்.

பதினோராவது சுற்று. வடக்குப் பக்கத்தில் அபிஷேகத் தண்ணீர் வந்து விழுகிற இடம். பக்கத்தில் துர்க்கைக்குப் போட்ட விளக்குகளிலிருந்து எண்ணெய் வழிந்து, பால், தண்ணீர், எண்ணெய் எல்லாம் கல்தளத்தில் ஒன்றாகக் கலந்திருந்தது. வந்த வேகத்தில் இடது கால் அதன்மேல் பட்டது.

நான் விழவில்லை. போனேன்.

மூன்று முழம் இருக்கும். அதிகமிருந்தால் நாலு. கால் எதையும் மிதிக்கவில்லை. கொலுசுச் சத்தம் இல்லை. உடம்பில் ஒரு பாரமும் தெரியவில்லை, பூ, பட்டு, நகை, உயரம், நிறம் எதுவும் இல்லை. துர்க்கை என்னைத் தாண்டிப் போனாள். அதற்கு முன்னும் பின்னும் எனக்கு எத்தனையோ நல்லது நடந்திருக்கிறது, கல்யாணம், குழந்தைகள், பேரப்பிள்ளைகள். இருந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த மூன்று முழம் தனி.

தரை மறுபடி காலில் பட்டபோது பின்னால் "ஐயோ அம்மா" என்று சத்தம் கேட்டது. கூடவே நெல் மூட்டை இறக்கின சத்தம். திரும்பிப் பார்த்தேன். பச்சைப் பட்டு ஈரத்தில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கையை என் பக்கம் நீட்டியது.

அந்த இடத்தில் அறிவுள்ளவள் என்ன செய்வாள்? ஓடிப்போய்த் தூக்குவாள். எனக்கோ படம்தான் ஞாபகம் வந்தது. தூக்கினால் அவுட். பாவம், எத்தனை சுற்று வேண்டிக்கொண்டாரோ, நான் கைகொடுத்து அவர் வேண்டுதல் பலிக்காமல் போய்விட்டால்? தானாக எழுந்தால்தான் அவருக்குப் புண்ணியம். அவர் முகத்தைப் பார்த்து அன்போடு சொன்னேன்.

"எழுந்து வாங்கம்மா. இன்னும் நாலே சுத்துதான்."

சொல்லிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போய்விட்டேன்.

பன்னிரண்டாவது சுற்றில் வந்தபோது குருக்கள் அவரைச் சுவரோரமாகச் சாய்த்திருந்தார். பதின்மூன்றாவதில், ஓர் இளைஞர் குனிந்து "அம்மா, அம்மா" என்று விசிறிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, அதன்மேல் கையில்லாத நீல நிற ஸ்வெட்டர். திண்டிவனத்தில் அந்த வெயிலில் ஸ்வெட்டர் போட்டவர் எந்த ஊர்க்காரராக இருக்க முடியும்? அவர் அம்மா என்று கூப்பிட்டவர் யாராக இருக்க முடியும்? எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. காலிலிருந்து தலைவரை ஒரே சூடு.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "கொஞ்சம் தண்ணி எடுத்தாறீங்களா?"

அதுதான் எனக்குக் கடவுள் கொடுத்த கடைசி வாய்ப்பு. மடப்பள்ளி பத்தடி தூரம். ஒரு செம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு வந்து நின்றிருந்தால்கூட என் தலையெழுத்து மாறியிருக்கும். நான் மூச்சிரைக்க நின்றேன். இனி இவரைப் பார்க்க முடியாது என்று தெரிந்துவிட்டது. நெஞ்சில் இத்தனை நாளாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்த கேள்வி வாயில் வந்துவிட்டது.

"சிம்லாவுல கொளம் எந்த மாசம் ஒறையும்?"

அவர் விசிறுவதை நிறுத்தினார். என்னைப் பைத்தியம் என்று நினைத்திருந்தாலும் முகத்தில் காட்டவில்லை.

"டிசம்பர்ல" என்றார்.

அவர் குரலில் நான் கேட்டது தண்ணீரையும் அந்த மாதத்தையும்தான். வேறு ஒரு வார்த்தைகூடக் கிடையாது.

பாக்கி இரண்டு சுற்றையும் முடித்தேன். விட்டுவிட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். விட மனம் வரவில்லை. சுவாமியின் துணை அதுவரை இல்லாத அளவுக்கு இப்போதுதானே தேவைப்பட்டது. பதினைந்தையும் முடித்து, விழுந்து கும்பிட்டு எழுந்தபோது, கொடிமரத்தடியில் எல்லாரும் ஒன்றாக நின்றார்கள். தற்செயலான ஏற்பாடெல்லாம் போய்விட்டது. என் அம்மா அந்த அம்மாளின் முழங்காலில் விபூதி தடவிக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சிடுங்க. சின்ன வயசுலேருந்தே அது கொஞ்சம் ஜல்தியா நடக்கும்" என்றாள் அம்மா.

"நடந்தாளா?" என்றார் அந்த அம்மாள்.

அப்பா அதற்குமேல் யாரையும் பேசவிடவில்லை. கும்பிட்டுவிட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வண்டியில் அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அழுதாள். அண்ணன் அப்பாவிடம் என் வேண்டுதலைச் சொன்னான். மயிலம் தாண்டினதும் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பதினஞ்சும் முடிச்சியா?"

"முடிச்சேம்ப்பா."

"சரி" என்றார். பல நாளைக்குப் பிறகு அன்றுதான் என் முகத்தைப் பார்த்தார்.

ஒரு வாரம் கழித்துத் தரகர் வந்து பதிலைச் சொன்னார். பதிலைச் சொல்லும்போது அவர் மேல்துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

"அந்தம்மா ஒண்ணும் தப்பா சொல்லலீங்க. பொண்ணு காலுல கொறையில்ல, நல்லாப் பாத்துட்டேன். பின்னலும் சொந்தந்தான். ஆனா சமதரையிலயே என்னால புடிக்க முடியல, மலையில எம்புள்ள எங்கப் போய்ப் புடிப்பான்னு கேக்கறாங்க. பேஜாரா பூட்ச்சுங்க."

அண்ணன்தான் முதலில் சிரித்தான். அப்புறம் அப்பா. கடைசியில் அம்மாகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நானும் சிரித்தேன். டிசம்பர் வர அப்போது மூன்று வாரம் இருந்தது. அது வந்து போகும்வரை தினம் காலையில் எழுந்ததும், இன்று உறைந்திருக்குமா என்று ஒரு தடவை நினைத்துக்கொள்வேன். ஸ்வெட்டர்காரரை நினைத்தேனா என்று கேட்டால், அந்தக் குளத்தங்கரையில் யாரையாவது நிற்க வைக்க வேண்டுமே, அதற்காக நினைத்தேன்.

அடுத்த தை மாதம் கோலியனூரில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. என் வீட்டுக்காரருக்குக் கரும்பும் நெல்லும் உண்டு. நிதானமான மனுஷர். வரப்பில் நடந்தால் தவளைகூட வழிவிடாது, அவ்வளவு மெது. மறுவீட்டுச் சாப்பாட்டில் அண்ணன் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, பச்சைப் பட்டு அம்மாள் விழுந்தது முதல் நான் குளத்தைக் கேட்டதுவரை நடித்தே காட்டிவிட்டான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை.

ஆனால் அந்த வருஷம் டிசம்பர் ஒண்ணாம் தேதி காலையில், காப்பியை வாங்கிக்கொண்டு, வானத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார். "கொளம் ஒறஞ்சிருக்கும் இந்நேரம்."

அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒரு டிசம்பர்கூட அதைச் சொல்லாமல் விட்டதில்லை. பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள், பிறகு பேரப்பிள்ளைகள். யார் எதற்கு அவசரப்பட்டாலும் எங்கள் வீட்டில் "எழுந்து வாங்கம்மா, நாலே சுத்துதான்" என்பார்கள். சம்பந்திகள் வந்திருக்கும்போதுகூடச் சொல்லி மானத்தை வாங்குவார்கள். பேத்தியைப் பெண் பார்க்க வந்த அன்று, வந்தவர்களின் பெரியம்மா கால் மரத்து எழுந்திருக்கத் தடுமாறியபோது, வீடே என்னைத்தான் திரும்பிப் பார்த்தது. நான் ஓடிப்போய்த் தூக்கிவிட்டேன்.

சில வருஷங்களுக்கு முன் பெரியவனுக்கு டெல்லிக்கு மாற்றலாயிற்று. போனில் கூப்பிட்டான். "அம்மா, இங்கேருந்து சிம்லா ஒரு ராத்திரி பயணந்தான். நீயும் அப்பாவும் வாங்களேன், கூட்டிக்கினு போறேன்."

"அந்தக் குளிர்ல யாரால முடியும்? முட்டி வேற வலிக்குது, வாணாம்டா" என்றேன். கூடத்தில் ஊஞ்சலிலிருந்து இவர், "வாணாம்ப்பா, அங்க யாராச்சும் வயசான அம்மா இருக்கப்போறாங்க" என்றார். போனிலும் சிரிப்பு, வீட்டிலும் சிரிப்பு. நானும் சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனேன். பாலை இறக்கி வைத்துவிட்டு, சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். ஆகஸ்டு மாதம். உறைவதற்கு இன்னும் நாலு மாதம் இருந்தது.